கார்டிசால் பார்க்க எச்சிலா, ரத்தமா?

#1 சென்ட்ரிஃபியூஜ்

கார்டிசால் என்பது அட்ரினல் சுரப்பியில் சுரக்கும் ஹார்மோன். அது அதிகமாகிவிடும் குஷிங் நோய்ச் சந்தேகம் என்றாலும் சீட்டில் "கார்டிசால், காலை 8 மணி" என்றுதான் எழுதி வருகிறது. அது குறைந்துவிடும் அடிசன் நோய்ச் சந்தேகத்துக்கும் அதே சீட்டு, வெறும் அசதிக்கும் அதே சீட்டு. ரிப்போர்ட்டில் 19 என்று வரும். பக்கத்தில் 5 முதல் 25 வரை நார்மல் என்று அச்சிட்டிருக்கும். "நார்மல்தான், போங்க" என்று கதை முடிந்துவிடும்.

காலை 19 மைக்ரோகிராம் என்பது நல்ல ஆரோக்கியமானவருக்கும் வரும், குஷிங் முற்றியவருக்கும் வரும். கார்டிசால் காலையில் உச்சத்துக்கு ஏறி, மாலையில் சரிந்து, நள்ளிரவையொட்டித் தரைதட்டும். குஷிங்கில் முதலில் கெடுவது அந்தத் தரைதான். காலை உச்சம் பெரிதாக மாறாமலே இருக்கலாம், ஆனால் இரவில் இறங்க வேண்டியது இறங்காது. ஆகவே அதிகமாகச் சுரக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் இரவில் பார்க்க வேண்டும். இரவு 11 மணிக்கு ரத்தம் எடுக்க யார் வருவார்? எச்சில் பரிசோதனைக்கு வேலை இங்கேதான்.

இரண்டையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எது உசத்தி என்ற சண்டை வேண்டாம், எந்தக் கேள்விக்கு எது என்று பார்ப்போம்.

#2 டெசிலிட்டர்

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் நூற்றுக்கு 90 முதல் 95 பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பகுதி சிபிஜி என்ற புரதத்தோடு, கொஞ்சம் அல்புமினோடு. ஒட்டாமல் தனியாகத் திரிவது ஏறத்தாழ 5 பங்குதான், உடம்பில் வேலை செய்வதும் அதுதான். சாதாரண ரத்தப் பரிசோதனை ஒட்டியது, ஒட்டாதது எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும். எச்சிலுக்குள் வருவது ஒட்டாத பங்கு மட்டும். ரத்தத்தில் ஏறிய சில நிமிடங்களிலேயே எச்சிலிலும் ஏறிவிடும், எச்சில் அதிகம் ஊறினாலும் குறைவாக ஊறினாலும் அளவு பெரிதாக மாறாது.

நடைமுறையில் இது எங்கே கடிக்கும் என்றால், கருத்தடை மாத்திரையில். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டிச் சிபிஜியைக் கூட்டிவிடும். மொத்தக் கார்டிசால் 30, 35 என்று எகிறும், ஒட்டாத பங்கோ அப்படியே இருக்கும். நோயே இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் நோய். கர்ப்பத்திலும் சிபிஜி இரண்டு மூன்று மடங்கு ஏறும், ஆனால் அப்போது ஒட்டாத கார்டிசாலும் சேர்ந்து ஏறுவதால் அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை இந்தக் குழப்பத்தைப் பெரிதாகச் செய்வதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. கல்லீரல் சுருக்கம், சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ரோடிக் நோய், ஐசியூவில் கிடக்கும் நிலை இவற்றில் சிபிஜியும் அல்புமினும் விழுந்துவிடும். மொத்தக் கார்டிசால் குறைவாகத் தெரியும், அட்ரினல் பழுது என்று தப்பாக முத்திரை குத்திவிடுவார்கள்.

#3 வேப்பங்குச்சி

காலை 8, மாலை 4 ரெண்டு ரத்தமும் எடுத்து, சாயங்காலம் பாதியா குறையுதான்னு பார்த்தா போதாதா? எங்க ஊர்ல எல்லா லேப்லயும் அதுதான் பேக்கேஜ். எச்சில் டெஸ்ட் கேட்டா "எங்க கிட்ட இல்ல"ங்கறாங்க.

#4 சென்ட்ரிஃபியூஜ்

போதாது. நாலு மணி என்பது சரிவின் நடுப்பகுதி. ஆரோக்கியமானவரிடமே அந்த நேரத்து அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாலே கொஞ்சம் ஏறும். வண்டி ஓட்டி, வரிசையில் நின்று, ஊசியைப் பார்த்துப் பயந்தால் இன்னும் ஏறும். குஷிங்காரருக்கும் மற்றவருக்கும் நாலு மணி அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும். நள்ளிரவில்தான் இரண்டும் தெளிவாகப் பிரியும்.

அமெரிக்க எண்டோகிரைன் (ஹார்மோன் மருத்துவ) சொசைட்டி 2008ல் வெளியிட்ட வழிகாட்டியில் குஷிங்குக்கான முதல் பரிசோதனைகளாகச் சொன்னவை: இரவு நேர எச்சில் கார்டிசால் (குறைந்தது இரண்டு இரவு), 24 மணி நேரச் சிறுநீர்க் கார்டிசால் (அதுவும் இரண்டு தடவை), இரவில் 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் (கார்டிசால் சுரப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து) கொடுத்து மறுநாள் காலை ரத்தம், அல்லது இரண்டு நாளுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் டெக்ஸா. வெறும் காலை ரத்தம் அந்தப் பட்டியலில் இல்லை. காலை–மாலை ஜோடியும் இல்லை.

எச்சில் வசதி இல்லாத ஊரில் டெக்ஸா சோதனையே கைகொடுக்கும். இரண்டு மாத்திரை, ஒரு ஊசி, அவ்வளவுதான்.

#5 லேப்பக்கம்

எச்சில் எடுக்கும் முறையை எழுதுகிறேன். பாதி ரிப்போர்ட் கெடுவது இங்கேதான்.

குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய், அதற்குள் உருளையான ஒரு பஞ்சு. சார்ஸ்டெட் நிறுவனத்தின் சாலிவெட் என்ற இந்த வகைக் குழாயில் கார்டிசாலுக்கென்றே நீல மூடியில் செயற்கை இழைப் பஞ்சு வரும், அதை வாங்குங்கள். மருந்துக்கடைப் பஞ்சைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சாதாரணப் பஞ்சு சோதனையின் அளவைக் குழப்பிவிடலாம்.

நேரம் இரவு 11 முதல் 12, அல்லது அந்த ஆள் வழக்கமாகப் படுக்கும் நேரம். பத்து மணிக்கே தூங்குகிறவரை அலாரம் வைத்து எழுப்பி 12 மணிக்கு எடுக்க வேண்டாம், எழுப்பினாலே ஏறும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சாப்பாடு, காபி, பல் தேய்ப்பது, வெற்றிலை எதுவும் கூடாது. அன்றைக்குச் சிகரெட்டும் கூடாது. பத்து நிமிடம் முன்பு வெறும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பிவிட்டு அமைதியாக உட்கார வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பஞ்சைக் கையால் தொடாமல் குழாயிலிருந்து நேராக வாய்க்குள் சரித்து, மெதுவாக மென்றபடி இரண்டு நிமிடம் வைத்திருந்து, மறுபடி குழாய்க்குள்ளேயே துப்பி மூடியை இறுக்க வேண்டும். குழாயின்மேல் தேதியும் *எடுத்த நேரமும்* எழுத வேண்டும். நேரம் எழுதாத குழாய் குப்பைக்குச் சமம்.

இரவு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுத்தால் போதும். கார்டிசால் உறுதியான மூலக்கூறு, அறை வெப்பத்தில் சில நாள் தாங்கும். நம்மூர் மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் போகும்போது பிரச்சினை கார்டிசால் சிதைவது அல்ல, எச்சிலில் கிருமி வளர்ந்து பூசணம் பிடிப்பது. குளிர் பொதியோடு அனுப்புவதே நல்லது.

இன்னொரு இரவும் இதே போல. ஒரே ஒரு குழாயை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

#6 டெசிலிட்டர்

லேப்பக்கம் சொன்ன "கையைக் கழுவு" என்பதைச் சும்மா ஒரு சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹைட்ரோகார்டிசோன் (மருந்தாக வரும் கார்டிசால்) களிம்பு தடவிய விரல் பஞ்சில் பட்டால் அளவு நம்ப முடியாத உயரத்துக்குப் போகும். குழந்தைக்குத் தடவிய அம்மாவின் விரலும் இதில் சேர்த்தி. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியில் 11-பீட்டா-ஹெச்எஸ்டி-2 என்ற நொதி கார்டிசாலைக் கார்டிசோனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் எச்சிலில் எப்போதும் கார்டிசோன்தான் கூடுதல், கார்டிசால் குறைவு. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (மூலக்கூறை எடையால் பிரித்தறியும் முறை) இரண்டையும் பிரித்துப் பார்க்கும் ஆய்வகம் என்றால், கார்டிசால் மட்டும் தூக்கி நிற்கும் மாதிரியைப் பார்த்தவுடன் "வெளியிலிருந்து ஒட்டியது" என்று சந்தேகிக்கும். ஆன்டிபாடி கொண்டு அளக்கும் இம்யூனோஅசேயில் அந்த வசதி இல்லை. போதாததற்கு அது கார்டிசோனையும் கொஞ்சம் கார்டிசால் என்றே எண்ணிவிடும். எனவே ஒரு முறையின் நார்மல் வரம்பை இன்னொரு முறையின் எண்ணுக்குப் போட்டுப் பார்ப்பது தவறு.

அடுத்தது அதிமதுரம். தொண்டைக்கு இதமாக ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது நம் வழக்கம். பாட்டுக்காரர்கள் கேட்கவே வேண்டாம். அதிலுள்ள கிளிசிரைசின் மேலே சொன்ன நொதியை அடக்கிவிடும், கார்டிசால் மாறாமல் தங்கி எச்சிலில் பொய்யாக ஏறும். இருமல் சூரணங்களிலும் சில மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களிலும் அதிமதுரம் இருக்கிறது, உறையைத் திருப்பிப் படியுங்கள். மெல்லும் புகையிலையும் இதே வேலையைச் செய்யும். இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டு எடுப்பது பாதுகாப்பு.

ஈறிலிருந்து ரத்தம் கசிந்தாலும் கெட்டது. ரத்தத்தில் இருக்கும் மொத்தக் கார்டிசால் எச்சிலில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், துளி கலந்தாலே போதும். பஞ்சு இளஞ்சிவப்பாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு நாள் எடுக்கவும்.

#7 வேப்பங்குச்சி

எச்சில்ல 4க்கு மேல போனா குஷிங்னு ஒரு இடத்துல படிச்சேன். காலை ரத்தத்துலயே 5லிருந்துதான் நார்மல் தொடங்குது, அப்ப 4ங்கறது ரொம்பக் கம்மி ஆச்சே?

#8 டெசிலிட்டர்

அலகைப் பாருங்கள். ரத்தத்தில் 5 என்பது டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம். எச்சிலில் 4 என்பது லிட்டருக்கு 4 நானோமோல். ஒரு மைக்ரோகிராம்/டெசிலிட்டர் = 27.6 நானோமோல்/லிட்டர். அப்படியானால் எச்சிலின் 4 நானோமோல் சுமார் 0.145 மைக்ரோகிராம்/டெசிலிட்டர்தான். சில ஆய்வகம் நானோகிராம்/மில்லிலிட்டரில் தரும், அப்போது அதே அளவு 1.45. இன்னொன்று நானோகிராம்/டெசிலிட்டரில் 145 என்று போடும். 4, 0.145, 1.45, 145 நாலும் ஒன்றே!

அந்த 4ம் 2008 வழிகாட்டியில் சொன்ன எல்லைதான். ஆய்வகம் தன் முறைக்கு ஏற்ப வேறு எல்லை வைத்திருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

#9 பிட்யூட்டரி வாசல்

டெக்ஸா சோதனையையும் இங்கே எழுதிவிடுகிறேன், எச்சில் கிடைக்காதவர்களுக்கு வேண்டும்.

இரவு 11லிருந்து 12க்குள் 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன். கடையில் கிடைப்பது 0.5 மில்லிகிராம் மாத்திரை என்றால் இரண்டு. "ஒரு மாத்திரை" என்று மட்டும் சீட்டில் எழுதி, பாதி அளவு போட்டுக்கொண்டு வந்து பாசிட்டிவ் ஆவது நடக்கிறது. மறுநாள் காலை 8–9க்குள் ரத்தம். 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் குஷிங் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இறங்கவில்லை என்றால் உடனே முடிவு கட்டாமல் மூன்றைக் கேளுங்கள்.

மாத்திரை உண்மையில் போட்டாரா, எத்தனை மணிக்கு? ஃபெனிடோயின், கார்பமாசெபின், ரிஃபாம்பிசின் எதாவது எடுக்கிறாரா? இவை கல்லீரல் நொதியைத் தூண்டி டெக்ஸாவை வேகமாக அழித்துவிடும், காலைக்குள் மருந்தே இருக்காது. வலிப்புக்கும் காசநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு இரவு எச்சில்தான் நல்ல தேர்வு. மூன்றாவது, கருத்தடை மாத்திரை. அதைச் சாப்பிடும் பெண்களில் பாதிப் பேர்வரை இந்தச் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். ஆறு வாரம் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும், அல்லது எச்சில்.

சிறுநீரகம் மிகப் பழுதானவருக்கு 24 மணி நேரச் சிறுநீர் உதவாது, டெக்ஸா சோதனையே மேல். கர்ப்பிணிக்கு டெக்ஸா சோதனை வேண்டாம், சிறுநீர் பார்க்கலாம்.

#10 மூணாம்_ஷிஃப்ட்

மில்லில் இரவு ஷிஃப்ட், ஐடியில் அமெரிக்க நேரம் என்று வேலை பார்ப்பவர்களுக்கு?

#11 பிட்யூட்டரி வாசல்

இரவு எச்சில் வேண்டாம். அவர்கள் உடம்புக் கடிகாரத்துக்கு எது நள்ளிரவு என்றே தெரியாது. வாரம் மாறி மாறி ஷிஃப்ட் என்றால் இன்னும் மோசம். டெக்ஸா சோதனை எடுங்கள். பல நேர மண்டலம் தாண்டி விமானத்தில் வந்து இறங்கியவருக்கும் எச்சிலைத் தள்ளிப்போடுங்கள்.

#12 சென்ட்ரிஃபியூஜ்

இப்போது குறைவுப் பக்கம். அட்ரினல் வேலை செய்யவில்லையோ என்ற கேள்விக்கு ரத்தம்தான். எது உச்சமாக இருக்க வேண்டுமோ அந்தக் காலை நேரத்தில் பார்த்து, உச்சமே இல்லையா என்று தேடுகிறோம். 8 மணி ரத்தத்தில் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பழுது. 15–18க்கு மேல் என்றால் பெரும்பாலும் இல்லை. இடையில் கிடந்தால் தூண்டல் சோதனை: சினாக்தென் (அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோனின் செயற்கை வடிவம்) 250 மைக்ரோகிராம் நரம்பிலோ தசையிலோ போட்டு, போடுவதற்கு முன்பும் 30, 60 நிமிடத்திலும் ரத்தம். இங்கே சினாக்தென் கிடைக்காதபோது ஆக்டன் புரோலாங்கேட்டம் என்ற ஏசிடிஹெச் தசை ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும் வழக்கமும் இருக்கிறது.

தூண்டிய பிறகு எட்ட வேண்டிய பழைய எல்லை 18 (500 நானோமோல்). ஆனால் அது பழைய கிட்டுகளின் எல்லை. புதிய இம்யூனோஅசேகளும் மாஸ் ஸ்பெக்கும் குறைத்துக் காட்டும் என்பதால் அவற்றுக்கு 14–15 போதும். இதைக் கவனிக்காமல் 16 வந்தவரை ஆயுள் முழுக்க ஹைட்ரோகார்டிசோனில் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. ஏசிடிஹெச் சுரக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் அறுவை முடிந்து சில வாரத்துக்குள் இந்தச் சோதனை பொய்யாக நார்மல் காட்டலாம், அட்ரினல் இன்னும் சுருங்கியிருக்காது.

கூடவே ஏசிடிஹெச் எடுப்பதானால் ஊதா மூடி ஈடிடிஏ குழாய், உடனே ஐஸ், குளிர் சென்ட்ரிஃபியூஜ். கார்டிசாலுக்கு இந்த அலட்டல் தேவையில்லை, சாதாரண சீரம் குழாய் போதும், வெறும் வயிறும் கட்டாயமில்லை. பத்து பதினைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு எடுத்தால் போதும்.

ஒன்று மட்டும்: ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியோடு, சோடியம் குறைந்து ஒருவர் வந்தால் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்துவிட்டு உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம்.

#13 லேப்பக்கம்

முடி கொட்டுவதற்கு பயோடின் சாப்பிடுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. பயோடின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிடியை வைத்து இயங்கும் கருவிகளில் கார்டிசால் போட்டி முறைச் சோதனை, பயோடின் அதைப் பொய்யாக ஏற்றும். ஏசிடிஹெச் சாண்ட்விச் முறை, அதைப் பொய்யாக இறக்கும். கார்டிசால் அதிகம், ஏசிடிஹெச் குறைவு என்ற ஜோடி அட்ரினல் கட்டியின் முகச்சாயல்! ஸ்கேன்வரை போய்விடும். மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள், மிக அதிக அளவு சாப்பிடுகிறவர் இன்னும் முன்பே.

பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறவர் ரத்தமும் அப்படித்தான். பல கிட்டுகள் அதையும் கார்டிசால் என்று எண்ணும். டெக்ஸா அப்படிக் குழப்பாது, அதனால்தான் அடக்கும் சோதனைக்கு அதையே வைத்திருக்கிறார்கள்.

#14 மஞ்சள்பை

இணையத்தில் விற்கும் நான்கு வேளை எச்சில் பேக்கேஜ் எப்படி? காலை, மதியம், மாலை, இரவு என்று வரைபடம் போட்டு "அட்ரினல் களைப்பு, இரண்டாம் கட்டம்" என்று எழுதித் தருகிறார்கள்.

#15 பிட்யூட்டரி வாசல்

அந்த நாலில் நான்காவது குழாய் மட்டும் ஒழுங்காக எடுத்திருந்தால் குஷிங் கேள்விக்கு உதவும். மிச்சம் மூன்றை வைத்துச் சொல்லும் "கட்டம்" எதற்கும் ஆதாரம் இல்லை. அட்ரினல் களைத்துப் போகும் என்ற நோயை எண்டோகிரைன் மருத்துவ அமைப்புகள் ஏற்கவில்லை. 2016ல் 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வும் அப்படி ஒன்று இல்லை என்றே முடித்தது. அசதிக்கு முதலில் ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு), சர்க்கரை, பி12, தூக்கம் பாருங்கள். அந்தப் பேக்கேஜோடு ஒட்டி விற்கும் "அட்ரினல் சப்போர்ட்" மாத்திரைகளில்தான் எனக்குப் பயம். சிலவற்றில் விலங்கின் சுரப்பிச் சாறே இருக்கும்.

#16 டெசிலிட்டர்

ஒரு திருத்தம், சண்டை இல்லை. பகலில் பல முறை எச்சில் எடுப்பதே பொய் என்று ஆகிவிடக் கூடாது. கண் விழித்த 30–45 நிமிடத்தில் கார்டிசால் ஒரு குதி குதிக்கும். மன அழுத்த ஆய்வுகளில் இதை எச்சிலில்தான் அளக்கிறார்கள், ஊசி குத்தி அளந்தால் ஊசியின் பயமே கலந்துவிடும். ஆனால் அங்கே கண் விழித்த நொடியில், 30, 45 நிமிடத்தில் என்று துல்லியமாக எடுக்க வேண்டும். படுக்கையில் பத்து நிமிடம் புரண்டுவிட்டு முதல் குழாயை எடுத்தால் கணக்கே கோணல். குழுக்களை ஒப்பிட அது சரி, தனி ஆளுக்கு நோய் சொல்ல அல்ல.

#17 மஞ்சள்பை

முகம் வட்டமாகி, தோல் மெலிந்து, வயிற்றில் சிவப்புக் கோடு விழுந்தவருக்குக் காலை ரத்தக் கார்டிசால் 0.8 என்று வந்திருக்கிறது. லேப் தப்பா?

#18 சென்ட்ரிஃபியூஜ்

லேப் தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. குஷிங் தோற்றம், கார்டிசால் தரையில் என்றால் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வருகிறது, உள்ளே சுரப்பி தூங்குகிறது. மூட்டு வலிக்கு லேபிள் இல்லாத பொடி, ஆஸ்துமாவுக்கு ஊர்ப் பெயர் தெரியாத உருண்டை, முகம் வெளுக்க பீட்டாமெதசோன் அல்லது குளோபெட்டசால் கலந்த க்ரீம், மூட்டுக்குள் போட்ட ஊசி எல்லாவற்றையும் கேளுங்கள். "மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "பொடி, லேகியம், க்ரீம், ஊசி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பையோடு கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது.

கண்டுபிடித்தவுடன் "நிறுத்து" என்று சொல்லிவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் நெருக்கடி வரும். மருத்துவர் கண்காணிப்பில் ஹைட்ரோகார்டிசோனோ பிரெட்னிசோலோனோ கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, காலை ரத்தம் பார்ப்பார்கள். 2024 வழிகாட்டிப்படி 10 மைக்ரோகிராமுக்கு மேல் வந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது, நிறுத்தலாம். 5க்கும் 10க்கும் இடையில் என்றால் அதே அளவில் தொடர்ந்து சில வாரம், மாதம் கழித்து மறுபடி. 5க்குக் கீழே என்றால் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். அந்தக் காலை ரத்தத்துக்கு முந்தைய 24 மணி நேரம் ஹைட்ரோகார்டிசோன் வேளை தவறவிடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

#19 மஞ்சள்பை

கேட்டேன். முட்டி வலிக்கு ஆறு மாதமாக ஒரு பொடி, காலை மாலை அரை ஸ்பூன். சந்தையில் வாங்கியதாம், உறையில் பெயரே இல்லை.

#20 சென்ட்ரிஃபியூஜ்

பொடியைத் தூக்கிப் போட வேண்டாம், டப்பாவோடு எண்டோகிரைன் மருத்துவரிடம் நாளைக்கே போகச் சொல்லுங்கள். அதுவரை பொடியைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். இடையில் வாந்தி, தலைசுற்றல், காய்ச்சல் வந்தால் நாளைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், "ஆறு மாதமாக ஸ்டீராய்டு கலந்த பொடி சாப்பிட்டிருக்கலாம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.